துரைமார் தூக்கிய துப்பாக்கி

கண்டியைப் பிடிக்க வந்த மலாய்ப் படை முதல் கலிப்போலிக்குக் கப்பலேறிய தோட்டத்துரைமார் படை வரை: கம்பளை மலைகளின் நூற்றைம்பது வருடத் துப்பாக்கிச் சரித்திரம்

ஆங்கிலேயர் கண்டிக்கு அனுப்பிய படையில் ஒரு பகுதி ஜாவாவிலும் மக்காசாரிலும் வேர்விட்ட குடும்பங்களிலிருந்து வந்தது. இன்னொரு பகுதி மொசாம்பிக் கரையிலிருந்து கோவா வழியாக விலைக்கு வாங்கப்பட்டது. பீரங்கி இழுக்க வங்காளத்து லஸ்கர்கள் வந்தார்கள். கட்டளையிட்டவர்கள் ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் பிறந்தவர்கள். போய்ச் சேர்ந்த மலைநாட்டின் மொழி இவர்களில் அநேகமாக ஒருவருக்கும் தெரியாது. மழை, அட்டை, மலேரியா. எதிரியோ கண்ணுக்கே தட்டுப்படுவதில்லை.

விஞ்ஞானப் புனைகதை வாசிக்கும் இளைஞர்களுக்கு இது பழகிய காட்சி. 1987இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘வார்ஹாமர் 40,000’ என்ற விளையாட்டு உலகத்தில் ஒவ்வொரு கிரகமும் பேரரசுக்கு வரியாக ஒரு படைப்பிரிவைக் கொடுக்க வேண்டும். போன சிப்பாய் பெரும்பாலும் ஊர் திரும்புவதில்லை. அந்தக் கற்பனைப் படைகளுக்குப் பிறந்த கிரகம், கொடி, வென்ற போர்களின் பட்டியல் எல்லாம் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு விக்டோரியா மகாராணி காலத்துச் சிப்பாயின் சிவப்புச் சட்டையையும் வெயில் தொப்பியையும் அப்படியே மாட்டிவிட்டிருக்கிறார்கள். 1959இல் வெளிவந்த ரொபர்ட் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில் வேறொரு விதி: அரசுக்குச் சேவை செய்து முடித்தவனுக்குத்தான் வாக்குரிமை.

துப்பாக்கி யார் கையில் கொடுக்கப்படுகிறது, தூக்கியதற்கு அவனுக்கு என்ன கிடைக்கிறது, கொடுக்கப்படாதவன் என்ன ஆகிறான்? இந்த நாவல்களும் விளையாட்டுகளும் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி இதுதான். அதற்கு விடை தேட வேற்றுக் கிரகம் போக வேண்டாம். கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகும் பாதையில் போனால் போதும். இந்த மலைகளில் இரண்டு படைகள் இருந்தன. ஒன்றில் சிப்பாய்கள் மலாய்க்காரர்கள், மற்றதில் வெள்ளைக்காரத் துரைமார். இரண்டுக்கும் நடுவே, துப்பாக்கியே கொடுக்கப்படாத ஒரு சமூகம் இந்த மலைகளை வெட்டித் திருத்தியது.

வட்டாபுளுவையில் முடிந்த முதல் பயணம்

ஒல்லாந்தர் காலத்திலேயே மலாய்ச் சிப்பாய்கள் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். ஜாவாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தார் சிலர். கூலிக்குப் போரிட வந்தவர்கள் பலர். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது இந்தச் சிப்பாய்களும் எஜமான் மாறினார்கள். ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் அவர்கள் முறையான ரெஜிமென்ட் ஆக்கப்பட்டார்கள்.

அந்த ரெஜிமென்டின் முதல் பெரிய சோதனை கண்டியில் நடந்தது. 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டொவல் தலைமையில் படை கண்டிக்குள் நுழைந்தது. நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைகளுக்குள் பின்வாங்கியிருந்தார். ஆங்கிலேயர் முத்துசாமி என்பவரை அரியணையில் இருத்தினார்கள். பிறகு மழை வந்தது, காய்ச்சல் வந்தது. பெரும்படை கொழும்புக்குத் திரும்ப, மேஜர் அடம் டேவியின் பொறுப்பில் நோயாளி வெள்ளையர்களும் மலாய்ச் சிப்பாய்களும் நகரத்தில் மிஞ்சினார்கள்.

ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படை தாக்கியது. டேவி சரணடைந்தார். திருகோணமலைக்குப் போகலாம் என்ற வாக்குறுதியோடு புறப்பட்டவர்களால் வட்டாபுளுவையில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியவில்லை. கடக்க வேண்டுமானால் முத்துசாமியை ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது, ஒப்படைத்தார்கள். முத்துசாமியும் கொல்லப்பட்டார், ஆயுதம் களைந்த வெள்ளைச் சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். டேவி பல வருடம் கைதியாக இருந்து கண்டி நாட்டிலேயே இறந்தார்.

மலாய்ச் சிப்பாய்களுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருந்தது: மன்னரின் சேவையில் சேரலாம். கண்டி மன்னரிடமும் மலாய்ப் படையினர் இருந்தார்கள். அன்று கண்டியில் இரு பக்கத்திலும் மலாய்க்காரர்கள் நின்றார்கள் என்பதை நமது பாடநூல்கள் பெரிதாகச் சொல்வதில்லை. சிலர் அந்த வாசல் வழியாகப் போய் உயிர் பிழைத்தார்கள். கப்டன் நூர்தீனும் அவருடைய சகோதரரும் மறுத்து உயிரை விட்டார்கள். தங்கள் மண்ணும் இல்லாத, தங்கள் மதமும் இல்லாத ஓர் அரசனுக்குக் கொடுத்த சத்தியத்துக்காக இன்னொருவரின் மலைநாட்டில் அவர்கள் செத்தார்கள். அந்த விசுவாசத்தை மெச்சலாம். அதற்கு அந்தச் சமூகத்துக்குப் பின்னாளில் கிடைத்த கூலியையும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

பாதை போட்ட படை, தோட்டம் போட்ட சகோதரர்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1818இல் ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. பிடித்த மலைநாட்டைப் பிடித்தே வைத்திருக்க வேண்டுமென்றால் பீரங்கி ஏறும் பாதை வேண்டும் என்பது ஆங்கிலேயருக்கு அப்போதுதான் உறைத்தது.

பாதையின் கதையிலும் அந்த மலாய் ரெஜிமென்ட் இருக்கிறது. தோமஸ் ஸ்கின்னர் என்ற சிறுவன் 1819இல் பதினைந்து வயதில் அதில் அதிகாரியாகச் சேர்ந்தான். பாதை வேலை ஒன்றும் தெரியாத அவனிடம் ராஜகாரிய ஊழியத்துக்குப் பிடித்துவரப்பட்ட ஆட்களை ஒப்படைத்து, கடுகண்ணாவைப் பக்கம் வேலை வாங்கச் சொன்னார்கள். பின்னாளில் நாட்டின் வீதிகளுக்கெல்லாம் பொறுப்பாளராகி, 1867இல் அவர் ஓய்வு பெற்றார். கடுகண்ணாவையில் இன்றும் நிற்கும் கோபுரம் அந்தப் பாதையை வகுத்த பொறியியல் அதிகாரி கப்டன் டோசனுக்கானது. மண் வெட்டியவர்களுக்கும், கல் உடைத்தவர்களுக்கும், காய்ச்சலில் விழுந்தவர்களுக்கும் கோபுரம் கட்டும் வழக்கம் அன்று இருக்கவில்லை.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பையும் கண்டியையும் இணைத்தார். கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையும் அந்தக் காலத்து வேலைதான். நுவரெலியா படையினரின் ஓய்விடமாக்கப்பட்டது. வழியில் இருந்த கம்பளையில் அதே காலத்தில் இன்னொரு காரியம் நடந்தது.

கண்டியின் படைத் தளபதியாக இருந்தவர் கேணல் ஹென்றி பேர்ட். அவருடைய சகோதரர் ஜோர்ஜ் பேர்ட் 1823 அளவில் கம்பளைக்கு அருகே சின்னபிட்டியில் கோப்பித் தோட்டம் திறந்தார். மலைநாட்டின் முதல் வணிகக் கோப்பித் தோட்டம் அதுவே. பார்ன்ஸ் ஆளுநரும் கண்ணொறுவையில் தன் பங்குக்குக் கோப்பி நட்டார். சின்னபிட்டியில் வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து 14 குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன என்பது மலையக வரலாற்றில் வழிவழியாக வழங்கும் செய்தி. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போய் ‘மலையகம் 200’ என்று நாம் நினைவுகூர்ந்தது அந்தத் தொடக்கத்தைத்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் படை, பிறகு படை போட்ட பாதை, பாதையோரத்தில் படைத் தளபதியின் சகோதரருடைய தோட்டம், தோட்டத்துக்கு ஆட்கள். மலையகத் தமிழனின் கதை கங்காணியின் துண்டுச்சீட்டிலிருந்து தொடங்குவதாகத்தான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அதற்கு முந்திய அத்தியாயம் சிப்பாயின் துப்பாக்கியில் இருக்கிறது.

துப்பாக்கிக்கு வரி

1827 முதல் சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் என்று அழைக்கப்பட்ட மலாய்ப் படை அடுத்த அரை நூற்றாண்டு மலைநாட்டின் காவலாக இருந்தது. பாளையத்துக்குள்ளேயே குடும்பங்கள் வாழ்ந்தன. பிள்ளைகளுக்கு அரபு எழுத்தில் மலாய் கற்பிக்கப்பட்டது. சிப்பாய்களே கதைகளையும் கவிதைகளையும் கையால் பிரதியெடுத்து வைத்துக்கொண்டார்கள். தமிழ் பேசும் சோனகரோடு பள்ளிவாசலிலும் திருமண உறவிலும் கலந்ததால் அவர்களுடைய மலாய் மொழியின் வாக்கிய அமைப்பே தமிழுக்கு நெருங்கி வந்துவிட்டதாக மொழியியலாளர் பலர் சொல்கிறார்கள்.

1848இல் ஆளுநர் டொரிங்டன் புதிய வரிகளைப் போட்டார். நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு வருடத்தில் ஆறு நாள் உழைப்பு. கிராமத்தவனின் துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங். பயிரைப் பன்றியிடமிருந்து காக்க வைத்திருந்த துப்பாக்கிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றதும் மாத்தளைப் பக்கம் கிளர்ச்சி வெடித்தது. கண்டியிலிருந்து படை போனது. அதில் சிலோன் ரைபிள்ஸும் இருந்தது. ராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஓகஸ்ட் 8ஆம் திகதி கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் குடாபொல தேரர் காவியுடையோடு சுடப்பட்டார். பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அது பெரிய விவாதமாகி, டொரிங்டன் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

மலாய்ப் படையை ஹொங்கொங் வரை அனுப்பினார்கள். ஆனால் ஆள் சேர்ப்பது வரவரக் கடினமாயிற்று. படையைப் பராமரிக்கும் செலவும் உறுத்தியது. மலைநாடு அடங்கிவிட்டது, இனிப் பொலிஸ் போதும் என்று முடிவெடுத்து 1873இல் ரெஜிமென்டைக் கலைத்தார்கள். பல சிப்பாய்கள் பொலிஸில் சேர்ந்தார்கள். தோட்டக் கணக்குப்பிள்ளை வேலைக்கும் காவல் வேலைக்கும் போனவர்களும் உண்டு. ஆபிரிக்கச் சிப்பாய்களின் சந்ததியார் சிலர் இன்றும் புத்தளம் சிறாம்பியடியில் வாழ்கிறார்கள். கொழும்பில் கொம்பனித்தெருவின் மலாய் ராணுவப் பள்ளிவாசல் அந்த ரெஜிமென்டின் நினைவை இன்னும் சுமக்கிறது. எழுபது வருடத்துக்கு மேல் பேரரசுக்காகச் சுட்டவர்களுக்கு மிஞ்சியது ஓய்வூதியமும் ஒரு பள்ளிவாசலும். மலை நிலம் மட்டும் வேறு கைகளுக்குப் போயிற்று.

துரைமார் படை

நிலம் யார் கைக்குப் போனது என்பதை 1854இல் கண்டியில் தொடங்கிய தோட்டத்துரைமார் சங்கத்தைப் பார்த்தால் புரியும். 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டிருந்தார். ரயில் கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும் 1870களில் வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் மலைகள் தேயிலைப் பச்சையாகிவிட்டன.

அந்தத் துரைமார் 1900இல் தங்களுக்கென்று ஒரு படை அமைத்தார்கள்: சிலோன் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை. தலைமையகம் கண்டி. தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிறைப்பிடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான போயர்கள் தியத்தலாவை முகாமில் இருந்தார்கள். பேரரசுப் பற்று கொழுந்துவிட்டெரிந்தது. தோட்டங்களிலிருந்த ஐரோப்பியர்களே படையில் சேரலாம்; சிங்களவர், தமிழர், சோனகர், பறங்கியர் எவரும் சேர முடியாது. மற்றவர்களுக்கு 1881இல் தொடங்கிய சிலோன் இலகு காலாட்படை என்ற தொண்டர் படை இருந்தது. தோட்டத் தொழிலாளி எந்தப் படையின் கணக்கிலும் வரவில்லை.

கிழமை நாளில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களைக் கொழுந்து மலைக்கு அனுப்பும் சின்னத்துரை, ஓய்வு நாளில் காக்கி உடுத்திக் குறி பார்த்துச் சுடப் பழகினார். வருடத்துக்கு ஒருமுறை முகாம். கிளப்பும் கிரிக்கெட்டும் போலத் துரைமாரின் சமூக வாழ்க்கையில் இதுவும் ஓர் அங்கம். ஆனால் துப்பாக்கி பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. ஒரு மலையில் ஒன்றிரண்டு வெள்ளையர், அவர்களின் கீழ் நூற்றுக்கணக்கில் தொழிலாளர். லயத்திலிருந்து பார்ப்பவனுக்கு பங்களாவில் துப்பாக்கி இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது.

சட்டசபையிலும் துரைமாருக்குத் தனி ஆசனம் இருந்தது. ஹைன்லைன் பிறப்பதற்கு முன்பே அவருடைய கற்பனைச் சட்டம் ஒரு கோணலான வடிவத்தில் இங்கே நடைமுறையில் இருந்தது என்று சொல்லலாம். துப்பாக்கியும் அரசியல் குரலும் ஒரே கையில் இருந்தன. ஆனால் அந்தக் கையைத் தெரிவு செய்தது சேவையல்ல, தோலின் நிறம்.

கலிப்போலிக் கரையில்

முதலாம் உலக யுத்தம் தொடங்கியதும் இந்தப் படை தன்னை நிரூபிக்கப் புறப்பட்டது. 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 சிப்பாய்களும் மேஜர் ஹோல் பிரவுன் தலைமையில் கொழும்பில் கப்பலேறினார்கள். எகிப்தில் இறங்கி சுயஸ் கால்வாயைக் காத்தார்கள். பிறகு அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு இணைக்கப்பட்டு, 1915 ஏப்ரலில் துருக்கியின் கலிப்போலித் தீபகற்பத்துக்குப் போனார்கள். அன்ஸாக் படைகளின் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவலர்களாக நின்றவர்கள் இந்தத் தேயிலைத் தோட்டத் துரைமார்தான்.

படித்தவர்கள், குதிரையேறத் தெரிந்தவர்கள், நூறு பேரை வேலை வாங்கிப் பழகியவர்கள் என்பதால் சாதாரணச் சிப்பாயாகப் போன பலர் விரைவிலேயே பிரித்தானிய, இந்தியப் படைகளில் அதிகாரிகளாக்கப்பட்டு வேறு வேறு களங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டார்கள். 1917 நடுப்பகுதி வரையான கணக்கில் இந்தப் படையினரில் 80 பேர் மாண்டார்கள், 99 பேர் காயம்பட்டார்கள். சின்னஞ்சிறு படைக்கு இது சிறிய இழப்பல்ல. மலையகத்தின் பழைய ஆங்கிலத் தேவாலயங்களில் அந்தத் தலைமுறைக்கு நினைவுப் பலகைகள் உண்டு. அந்த இளைஞர்களின் துணிவைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் கலிப்போலியில் கரையேறி ஐந்து வாரம் ஆவதற்குள், அவர்கள் விட்டுவிட்டு வந்த மலைகளிலேயே துப்பாக்கி வெடிக்கத் தொடங்கியது. அதன் வேர் கம்பளையில்.

அம்பகமுவ வீதியிலிருந்து ஒரு வழக்கு

கம்பளை வல்லஹாகொட தேவாலயத்தின் எசலப் பெரஹரா ஊரின் பிரதான வீதியான அம்பகமுவ வீதி வழியாகப் போவது வழக்கம். அந்த வீதியில் தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த கரையோரச் சோனகர்களின் பள்ளிவாசல் இருந்தது. பள்ளிவாசல் முன்னால் மேளம் அடிக்கக் கூடாது என்று அவர்கள் ஆட்சேபித்தார்கள். 1912இல் அரசாங்க அதிபர் அந்த இடத்தில் வாத்தியத்துக்குத் தடை போட்டார். மேளமில்லாத பெரஹரா பெரஹராவே அல்ல என்று தேவாலயத்தின் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே கண்டி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய ஆதாரம், 1815 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு: பௌத்த மதமும் அதன் சடங்குகளும் மீறப்படக் கூடாதவை.

1914 ஜூனில் மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். நாட்டின் வரலாற்றை எழுதிய அறிஞரும் அவர்தான். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. பின்னால் வந்த பொலிஸ் சட்டங்களுக்கு முன் ஒப்பந்தப் பிரிவு செல்லாது என்றது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஏறத்தாழ நூறு வருடம். ஆறிப்போயிருக்க வேண்டிய உள்ளூர்த் தகராறு நாடு முழுவதற்குமான மானப் பிரச்சினையாயிற்று.

மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே பக்திப்பாட்டு ஊர்வலம் ஒன்று போனபோது மோதல் வெடித்தது. சில நாட்களில் கலவரம் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. சோனகர்களின் கடைகளும் வீடுகளும் 4,000க்கும் மேல் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன. உயிர்கள் போயின, பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். முதலில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். எந்தக் கணக்கு எழுதினாலும் அதை முதலில் எழுத வேண்டும்.

ஜூன் 2 முதல் ராணுவச் சட்டம். ஆளுநர் ரொபர்ட் சால்மர்ஸ். படைத் தளபதி பிரிகேடியர் ஜெனரல் மல்கம். ஜேர்மனியோடு யுத்தம் நடக்கும் நேரத்தில் இது பேரரசுக்கு எதிரான சதி என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். பஞ்சாபிச் சிப்பாய்கள், நகரக் காவற்படை, ஆயுதம் கொடுக்கப்பட்ட ஐரோப்பியத் தொண்டர்கள் எல்லோரும் ஊர் ஊராக அனுப்பப்பட்டார்கள். தோட்டத்துரைமாரும் அதில் இருந்தார்கள். கலவரம் ஓய்ந்த பிறகும், விசாரணையில்லாமல் ஆட்கள் சுடப்பட்டதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனைகளை வரிசையாக விதித்தன. கொழும்பு நகரக் காவற்படையிலேயே அதிகாரியாக இருந்த ஹென்றி பேதிரிஸ், 26 வயதில், ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கவும் அப்போது சிறையில் இருந்தார்.

துப்பாக்கியும் சீருடையும் இருந்தாலும் நிறம் சரியில்லையென்றால் உயிர் தப்பாது என்பதைப் பேதிரிஸின் முடிவு சொல்லிற்று. சட்டசபையில் அந்த அடக்குமுறைக்கு எதிராக உரக்கப் பேசியவர் பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய பேச்சுகள் 1916இல் லண்டனில் நூலாக வந்தன. சிங்களத் தலைவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அடிபட்ட தங்கள் பக்கத்தை அவர் பேசவில்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடம் நெடுங்காலம் இருந்தது. அந்தக் குறையிலும் நியாயம் உண்டு. சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்து வந்த ஜோன் அண்டர்சன் காலத்தில் சில துப்பாக்கிச் சூடுகள் பற்றி விசாரணை நடந்தது.

1848இலும் 1915இலும் நடந்த காரியம் ஒன்றுபோலவே இருக்கிறது: ராணுவச் சட்டம், அவசர நீதிமன்றம், போகும் உயிர்கள், பிறகு ஆளுநர் மாற்றம். சுட்டவர்களின் ரெஜிமென்ட் வரலாறுகளில் கலிப்போலிக்கு அத்தியாயம் உண்டு. உள்நாட்டில் நடந்ததற்குப் பதக்கமும் கிடையாது, பக்கமும் கிடையாது.

ஒரே வருடத்தில் இரண்டு முடிவுகள்

இரண்டாம் உலக யுத்தத்திலும் துரைமார் படையிலிருந்து பலர் அதிகாரிப் பயிற்சிக்கு இந்தியாவுக்குப் போனார்கள். 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். கம்பளை வீதிகளில் இராணுவ லொறிகள் ஓடின. ஆனால் மலைகளில் காற்று மாறத் தொடங்கியிருந்தது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது; நிபந்தனைகளோடு என்றாலும் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் வாக்களித்தார்கள். 1930களின் இறுதியில் தொழிற்சங்கங்கள் லயங்களுக்குள் வந்தன. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகி என்று அவரை நினைவுகூர்கிறோம். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. கம்பளைக்கு அடுத்த நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் வென்றார். துரையின் பங்களாவுக்குக் கீழே வரிசையில் நின்றவர்கள் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

சுதந்திர இலங்கை தனக்கென்று இராணுவம் அமைத்தது 1949இல். அதே வருடம் துரைமார் படை கலைக்கப்பட்டது. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த படைக்குச் சுதந்திர நாட்டில் இடமில்லை என்பது சரியான முடிவுதான்.

அதே 1949இல் இன்னொன்றும் நடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியிருந்தது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்கையும் பிடுங்கியது. 1952 தேர்தலில் நாவலப்பிட்டியில் இராஜலிங்கத்துக்கு வாக்களித்த கைகளுக்கு வாக்குச்சீட்டு இல்லை. துரை துப்பாக்கியைக் கீழே வைத்த வருடத்திலேயே தொழிலாளியின் வாக்கும் போய்விட்டது. துரைக்கு வேறு நாடு இருந்தது, கப்பலேறினார். தொழிலாளிக்குப் போக வேறு நாடு இருக்கவில்லை. பின்னர் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எழுதப்பட வேண்டியது எது?

கற்பனைப் படைகளின் வரலாற்றை எழுதுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதிரி பூச்சியாக இருக்கலாம், இயந்திரமாக இருக்கலாம். சுடப்பட்டவனின் பேரன் வந்து கேள்வி கேட்கப் போவதில்லை. இங்கே கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1803இல் செத்த மலாய்ச் சிப்பாயின் சமூகம் இன்றும் கண்டியில் வாழ்கிறது. 1915இல் கடையிழந்த சோனகக் குடும்பங்களின் வாரிசுகள் கம்பளையில் கடை நடத்துகிறார்கள். சின்னபிட்டிக்கு வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் மலையெங்கும் கொழுந்து பறிக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் பாராளுமன்றத்திலும் இருக்கிறார்கள்.

ஹைன்லைனின் கேள்விக்கு இந்த மலைகள் தரும் விடை தெளிவானது. மலாய்க்காரர் மூன்று தலைமுறை துப்பாக்கி தூக்கினார்கள். நிலமும் அதிகாரமும் கிடைக்கவில்லை. துரைமாருக்கு நிலமும் அதிகாரமும் முதலில் கிடைத்தன. அவற்றைக் காக்கத்தான் அவர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். இருநூறு வருடம் இந்த நாட்டுக்குச் சேவை செய்தவர்கள் துப்பாக்கி தூக்கவே இல்லை. அவர்களுடைய உரிமைதான் பறிக்கப்பட்டது. உரிமை சேவைக்குக் கிடைக்கும் சம்பளம் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. குடியுரிமை பிறப்போடு வருவது. யாரும் தராசில் போட்டு அளந்து கொடுப்பதல்ல.

கம்பளை, கண்டி வட்டாரத்துப் பாடசாலைகளின் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்ஸாக் கரையையும் அம்பகமுவ வீதியையும் ஒரே பாடத்தில் சொல்லிக்கொடுங்கள். மூன்று மொழி மாணவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவையும் பெரஹரா வழக்கின் இரண்டு தீர்ப்புகளையும் வாசிக்கச் செய்யுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 1949இல் வாக்குப் போன கதையைக் கேளுங்கள், பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாம் சேர்த்து எழுதி வையுங்கள். படைகளின் வரலாற்றைப் படைகளே எழுதிக்கொண்டன. மற்றவர்களுடையதை நாம்தான் எழுத வேண்டும்.